கேக்குக்காக ஊறிய பழங்கள்

எங்கள் மகன் உயர்தரப் பரீட்சையின் கடைசித் தாளை எழுதப் போன காலையில், நான் அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு, வீட்டிலிருந்த மதுவையெல்லாம் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். எல்லாம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கப்பல் கம்பனியில் வேலை என்பதால் வருட முடிவில் யாராவது ஒரு விஸ்கிப் போத்தலை அன்பளிப்பாக நீட்டுவார்கள். நான் குடிப்பதில்லை, அது தூசி படிந்து அப்படியே நிற்கும். அதைப் பூட்டினேன். இருமல் மருந்தைப் பூட்டினேன். கையில் தடவும் சானிடைசரைப் பூட்டினேன். சென்ட் போத்தலைத் தூக்கியபோதுதான் மனைவி குறுக்கே வந்தாள்.

"அத எங்க கொண்டு போறீங்க? நான் வேலைக்குப் போக வேணும்."

"இதுலயும் அல்கஹோல் இருக்கு."

"சென்ட் குடிக்கிற பிள்ளையையா வளத்திருக்கிறம்?"

"நம்மட பிள்ளையைச் சொல்லல்ல. மத்தப் பிள்ளைகளும் வருவானுகள்."

"வரட்டும். குடிச்சாலும் வாசமாத்தானே இருப்பானுகள்," என்று சொல்லி, போத்தலை என் கையிலிருந்து பிடுங்கி ஒரு தரம் கழுத்தில் அடித்துக்கொண்டு வங்கிக்குப் போய்விட்டாள்.

அவள் சிரிப்பாள். எனக்கு அந்த மாதம் முழுக்கச் சிரிப்பு வரவில்லை. மகனின் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருந்தது. ஆரம்பத்தில் அதில் ரியூஷன் நேரங்களும் பழைய வினாத்தாள்களும்தான் வந்தன. பரீட்சை நெருங்க நெருங்க வேறு விஷயங்கள் வர ஆரம்பித்தன. பள்ளிக்கூட வாசலில் விற்கும் மாவாப் புகையிலைப் பைக்கற்றின் படம், போதைக் குளிசையின் படம், பேனையைப் போலவே இருக்கும் வேப் என்ற மின்சிகரெட்டின் படம். அந்தக் கடைசிப் படத்தைப் பார்த்த இரவு நான் மகனின் பென்சில் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பேனையாகக் கழற்றிப் பார்த்தேன். திரும்பப் பூட்டியதில் எங்கேயோ பிழை விட்டிருக்க வேண்டும். மறுநாள் பரீட்சை மண்டபத்தில் அவனுடைய பேனை விரித்த தாளின் மேல் சுருள் கம்பியோடு துள்ளிப் பாய்ந்ததாம்.

"டடா, இனி என்ட பேனைல கை வெச்சா நான் சோதனைக்குப் போகமாட்டன்," என்றான்.

கொழும்பு பம்பலப்பிட்டியில் இருக்கும் அவனது பள்ளிக்கூடத்தில் கடைசி நாளுக்கென்று ஒரு முறை உண்டு. வெள்ளைச் சட்டையில் ஒருவருக்கொருவர் மாக்கர் பேனையால் எழுதிக்கொள்வார்கள். அது பாவமில்லை. அதற்குப் பிறகு கரையோர ரயிலில் ஏறி, கதவில் தொங்கிக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போவார்கள். தண்டவாளத்தைத் தாண்டி, கல்லுகளுக்கு மேலால் இறங்கிக் கடலில் குதிப்பார்கள். குதிப்பதற்கு முன்னால் ஒரு சோடாப் போத்தல் கை மாறும். அதற்குள் என்ன கலந்திருக்கிறது என்று கலந்தவனுக்கே தெரியாது. மகன் தன் திட்டத்தை ஒளிக்கவில்லை. "எல்லாரும் போறாங்க டடா" என்று நேராகவே கேட்டான். நான் இரண்டு நாள் யோசித்துவிட்டு, "கடல் வேணாம். உன்ட கூட்டாளிகளை இஞ்ச கூட்டிட்டு வா. வீட்டிலயே கொண்டாடுங்க. வேண்டியதெல்லாம் நான் வாங்கித் தாறன்," என்றேன்.

கூட்டாளிகள் இரண்டு பேர். ஒருவன் புதுக்கடைப் பகுதிப் பையன். குண்டு, வாய்க்காரன், தகப்பனுக்குத் துணிக்கடை. மற்றவன் வெள்ளவத்தைப் பையன். ஒல்லி, பேச்சுக் குறைவு. அவனுடைய தகப்பன் கட்டாரில் இருக்க, தாய் தனியாக வளர்க்கும் ஒரே பிள்ளை. அந்தத் தாய் அன்றைக்கு முதல் நாள் எனக்குப் போன் எடுத்தார்.

"அண்ணை, உங்கட வீடெண்டால் நான் விடுறன். எங்கட பிளாட் ஜன்னலைத் திறந்தால் கடல்தான். ஒவ்வொரு வருசமும் சோதனை முடியிற அண்டைக்குப் பிள்ளையள் குதிக்கிறதைப் பாத்துக்கொண்டு நிக்கிறனான். எனக்கு நெஞ்சு பதறும்."

"நீங்க யோசிக்க வேணாம் தங்கச்சி. நான் பொறுப்பு."

"சோதனை எண்டால் அவன் சாப்பிடமாட்டான். நேற்றும் நித்திரை இல்லை. ஏதாவது வயித்துக்குக் குடுங்கோ."

"நான் பொறுப்பு எண்டுறன்," என்று இன்னொரு தரம் சொன்னேன். சொன்னபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இப்போது அந்தப் போத்தலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கொட்டாஞ்சேனையில் எங்களைப் போன்ற கத்தோலிக்க வீடுகளில் நத்தார் கேக்குக்கான வேலை ஒக்டோபரிலேயே தொடங்கிவிடும். முந்திரிகை வற்றல், செரி, சீனிப்பாகில் போட்ட பூசணித் தோசி, இஞ்சித் தோசி எல்லாவற்றையும் பொடியாக வெட்டி, பெரிய கண்ணாடிப் போத்தலில் போட்டு, பிராண்டி ஊற்றி ஊற வைப்போம். எங்கள் வீட்டில் அது என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மூடியைத் திறந்து கிளறி, பழம் உறிஞ்சிய அளவுக்கு இன்னும் கொஞ்சம் பிராண்டி ஊற்றுவேன். இந்த வருடம் பயத்தில் இருந்ததால் அடிக்கடி கிளறினேன். கிளறிய போதெல்லாம், வாங்கிய பிராண்டி முடியும்வரை ஊற்றினேன். பரீட்சை டிசம்பரில் முடிந்தபோது அந்தப் பழங்கள் கறுத்து, வீங்கி, தேன் போன்ற சாற்றில் மிதந்துகொண்டிருந்தன.

அலுமாரியைப் பூட்டிய அந்தக் காலையில் போத்தல் குசினி அடுப்புக்கு மேலே இருக்கும் தட்டில்தான் நின்றது. நான் அதைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. சானிடைசரை எடுப்பதற்காக அதைத் தூக்கி ஒரு பக்கம் வைத்ததே நான்தான். ஆனால் அது கேக். கேக்கை யாராவது அலுமாரியில் பூட்டுவார்களா?

மதியம் மூன்று பேரும் படியேறி வந்தார்கள். சட்டைகளில் வெள்ளை என்று ஓர் இடம் மிச்சமில்லை. ஒவ்வொருவரையும் வாசலில் வைத்துக் கட்டிப்பிடித்தேன். உண்மையில் வாயை மணந்து பார்த்தேன். மாக்கர் மையும் வியர்வையும்தான் மணத்தன.

"அங்கிளுக்கு என்னடா? ஹஜ்ஜுக்குப் போய்ட்டு வந்த மாதிரி கட்டிப்பிடிக்கிறாரு," என்று புதுக்கடைப் பையன் கேட்பது காதில் விழுந்தது.

"பேசாம இரு. அவர் நம்மளை செக் பண்றார்," என்றான் என் மகன்.

பெரிய டப்பா ஐஸ்கிறீம் வாங்கி வைத்திருந்தேன். பாட்டைச் சத்தமாகப் போட விட்டேன். நான் முன்னறையில் பேப்பரை விரித்து உட்கார்ந்து, குழுவில் உள்ள ஒரு தகப்பனுடன் போனில் கதைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய பையன் கடலுக்குப் போய்விட்டானாம். அவருக்கு ஆறுதல் சொல்வதில் எனக்கு ஒரு இனிப்பு இருந்தது. அந்த நேரத்தில் மகன் குசினியிலிருந்து தலையை நீட்டி, "டடா, ஐஸ்கிறீமுக்கு இந்தப் புரூட்ஸ் போட்டுக்கொள்ளவா?" என்று கேட்டான். குளிர்சாதனப் பெட்டியில் டின் பழம் வாங்கி வைத்திருந்தேன். போனைக் காதிலிருந்து எடுக்காமலே கையை ஆட்டினேன்.

"போடு மகன், எல்லாத்தையும் முடியுங்க."

பிறகு அந்தத் தாய் சொன்னது நினைவுக்கு வந்தது. வயிற்றுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். ஐஸ்கிறீம் சாப்பாடாகாது. "பிரைட் றைஸ் வாங்கிட்டு வாறன், ஒருத்தரும் வெளிய போகக் கூடாது," என்று சொல்லிவிட்டு இறங்கினேன். நத்தாருக்கு முந்திய கூட்டம். கடையில் நல்ல கியூ. நின்றுகொண்டிருக்கும்போது அந்தத் தாயே போன் எடுத்தார். பிள்ளைகள் பாட்டுக் கேட்கிறார்கள், ஐஸ்கிறீம் சாப்பிடுகிறார்கள், பழமும் போட்டுச் சாப்பிடுகிறார்கள் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். பழம் நல்லதென்றார் அவர். பிறகு இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பற்றி, வேப்பைப் பற்றி, சோடாப் போத்தல்களைப் பற்றி இருவரும் நெடுநேரம் கதைத்தோம். பார்சல் கைக்கு வந்த பிறகும் கதைத்தபடியேதான் நடந்தேன்.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை.

மேசையில் கரைந்த ஐஸ்கிறீம். நடுவில் என் கண்ணாடிப் போத்தல், கழுவி வைத்ததுபோல் வெறுமையாக. அதற்குள் ஒரு நீளமான கரண்டி. டின் பழம் பெட்டிக்குள் திறக்கப்படாமலே இருந்தது. எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. ஓடிப்போய்ச் சாவி மாட்டும் ஆணியைப் பார்த்தேன்; என் ஸ்கூட்டர் சாவி இல்லை. படிக்குக் கீழே எட்டிப் பார்த்தேன், ஸ்கூட்டரும் இல்லை.

மூன்று பேர், ஒரு ஸ்கூட்டர், தலைக்கவசம் இரண்டும் ஆணியில் தொங்குகின்றன. வெளியே துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லொறிகளின் சத்தம்.

மேசையில் விட்டுச்சென்ற ஒரு போன் அடித்தது. வெள்ளவத்தைப் பையனுடையது. திரையில் 'அம்மா' என்று விழுந்தது. எடுக்காமல் விட மனம் வரவில்லை.

"தம்பி, சாப்பிட்டியே?"

"தங்கச்சி, நான்தான்."

"ஓ, அண்ணை. சும்மா அவன்ர குரலைக் கேப்பமெண்டு எடுத்தனான். பொடியன் எங்க?"

"பொடியன்… வெளியால நிக்கிறான்."

"வெயிலுக்கையோ?"

"கூப்பிட்டு எடுக்கச் சொல்றன் தங்கச்சி," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டுச் செருப்பில்லாமல் இறங்கி ஓடினேன்.

சந்தியில் வழக்கமாக நிற்கும் ஓட்டோக்காரர் என்னைக் கண்டதும் தானே தொடங்கினார். "அங்கிள், உங்கட மகன் ஆக்களைத் தேடுறீங்களா? கோச்சுக்காதீங்க, நான் ஏத்தமாட்டன்னு சொல்லிட்டன். ஒரு தம்பி சத்தி எடுக்கிறார். இப்பத்தான் சீட்டுக்குப் புது உறை போட்டன்."

"ஸ்கூட்டர்ல எந்தப் பக்கம் போனானுகள்?"

"போகல்ல அங்கிள். தள்ளிட்டுப் போறாங்க."

"தள்ளிட்டா?"

"ஓம். அந்தத் தம்பியை மேல உக்கார வெச்சு ரெண்டு பேரும் தள்ளுறாங்க. நீங்க நடந்தே பிடிக்கலாம்."

நடக்கவில்லை, ஓடினேன். அடுத்த வளைவில் அவர்களைக் கண்டேன்.

எங்கள் பங்குக் கோயில் திருவிழாவில் புனிதரின் சுரூபம் வீதி வலம் வருவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். ஸ்கூட்டரின் மேல் வெள்ளவத்தைப் பையன் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தான். கழுத்தில் எங்கள் வீட்டுப் பூப்போட்ட துவாய் மாலை மாதிரி விழுந்திருந்தது, சத்தி எடுத்தால் வாயைத் துடைக்கப் போட்டது. மடியில் எங்கள் குசினிச் சட்டி. புதுக்கடைப் பையன் ஒரு கையால் ஹாண்டிலையும் மறு கையால் பையனின் இடுப்பையும் பிடித்திருந்தான். என் மகன் பின்னாலிருந்து தள்ளினான். அவன் தள்ளியது நேராகப் போகவில்லை. பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடிக்காமல் ஊர்ந்து வந்தது. ஒல்லிப் பையன் கண்ணை மூடியபடியே வலது கையைத் தூக்கித் தூக்கி ஆட்டினான். நடைபாதையில் மரக்கறி விற்கும் பெண், "ஐயோ, ஆசீர்வாதம் குடுக்கிறார் பாருங்க!" என்று தலையைக் குனிந்து காட்ட, சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. "டேய்!" என்று கத்தினேன்.

"அங்கிள், கத்துறதைப் பொறகு கத்துங்க. முதல்ல இந்தப் பக்கத்தைப் பிடிங்க. இவன் சரியிறான்," என்றான் புதுக்கடைப் பையன்.

பிடித்தேன். பையனின் கன்னத்தில் கை வைத்தேன், குளிர்ந்து வியர்த்திருந்தது. பிறகு மூன்று பேருமாக, அவர்கள் போய்க்கொண்டிருந்த டிஸ்பென்சரி வரைக்கும் தள்ளிக்கொண்டு போனோம். அந்தக் கொஞ்சத் தூரத்தில், மூச்சு வாங்க வாங்க, புதுக்கடைப் பையன் நடந்ததைச் சொன்னான். மூடியைத் திறந்ததும் அவனுக்கு மணத்ததாம். "என்னமோ வாசம் ஈக்கிது மச்சான், எனக்கு வேணாம்னு சென்னேன். இவனுகள் ரெண்டு பேரும் கேக் சாமான்டா, கேக் சாமான்டான்னு சிரிச்சானுகள். நான் வெறும் ஐஸ்கிறீமை மட்டும் திண்டேன்." வெள்ளவத்தைப் பையன் பழத்தைத் தின்றதோடு நிற்காமல், அடியில் இருந்த சாற்றையும் கோப்பையில் ஊற்றிக் குடித்திருக்கிறான். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத வயிறு.

டிஸ்பென்சரி டொக்டர் வயதானவர். எங்கள் வீட்டு இருமல்களை எல்லாம் தெரிந்தவர். பையனின் கண் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு என் மகனிடம் கேட்டார்.

"இவர் என்ன குடிச்சவர்?"

"குடிக்கல்ல டொக்டர். கேக் சாப்பிட்டவர்."

"கேக்கா? இந்த மணமா?"

"இன்னும் கேக் ஆகல்ல டொக்டர். ஆகப்போற சாமான்."

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அவர் பையனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து நாடி பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் சொன்னார். "கூப்பிட்டாக் கண் முழிக்கிறான். அது நல்லது. முழிக்காட்டிப் பெரியாஸ்பத்திரிதான். ஆனா இது பகிடிக் கதை இல்ல. வெறும் வயித்துல இது கூடாது. மல்லாக்கப் படுக்கவிட்டிருந்தா சத்தி தொண்டையில அடைச்சிருக்கும். ஸ்கூட்டரை ஓடிக்கொண்டு வந்திருந்தா…"

வெளியே வந்து அந்தத் தாய்க்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கத்திலிருந்து "வாறன்" என்று ஒரே ஒரு சொல்.

அவர் வந்து சேரும்வரை நான் பையனின் கட்டிலருகே நின்றேன். நத்தார்க் கூட்டத்தில் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வருவதென்றால் சும்மாவா? அவ்வளவு நேரமும் அவன் மூச்சு மேலேறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வங்கியிலிருந்து ஓடிவந்த மனைவி என் தோளில் கை வைத்தாள். அவளுக்கும் பகிடி ஒன்றும் வரவில்லை.

தாய் வந்தார். யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய்ப் பிள்ளையின் கன்னத்தைத் தட்டினார். "தம்பி. தம்பி, அம்மா வந்திருக்கிறன்."

அவன் கண்ணைத் திறந்தான். "அம்மா, எக்கவுண்ட்ஸ் நல்லாச் செய்தனான். கடைசிக் கேள்வி மட்டும் விட்டிட்டன்."

"ஏன் விட்டனி?"

"பசிச்சது."

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் தோள்கள் மட்டும் குலுங்கின. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"பொறுப்பெண்டு சொன்னனீங்கள்."

"ஓம் தங்கச்சி."

"வெளியால நிக்கிறான் எண்டு சொன்னனீங்கள். ரோட்டில சவாரி போயிருக்கிறான்."

"ஓம்."

"பிள்ளையளை விட்டிட்டு எங்க நிண்டனீங்கள்?"

என் மகன்தான் வாயைத் திறந்தான். அவனும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான். "அன்டி, இவன் விழுந்தவுடனயே நாங்க டடாவுக்குக் கோல் எடுத்தம். பிஸி. திரும்பத் திரும்ப எடுத்தம். பிஸி. அதுக்குப் பொறகு உங்களுக்கு எடுத்தம். நீங்களும் பிஸி."

நானும் அந்தத் தாயும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவருக்கு விளங்கிவிட்டது என்று எனக்கு விளங்கியது.

"நீங்கள் வேப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தனீங்கள்," என்றார் மெதுவாக.

"நீங்க சோடாப் போத்தலைப் பத்திச் சொன்னீங்க," என்றேன்.

முதலில் சிரித்தது என் மனைவி. அடக்கப் பார்த்து முடியாமல் மூக்கால் சிரித்தாள். பிறகு டொக்டர். கடைசியாக அந்தத் தாய், கண்ணீரோடேயே சிரித்தார். புதுக்கடைப் பையன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் எங்களை எல்லாம், பொறுப்பில்லாதவர்களைப் பார்ப்பதைப் போலப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவனைத் தனியாகக் கூப்பிட்டு, ஸ்கூட்டரை ஓட யாரும் நினைக்கவில்லையா என்று கேட்டேன்.

"உங்கட மகன் ஏறி ஸ்டார்ட்டே பண்ணிட்டான் அங்கிள். நீயும் திண்டுட்டுத்தானே ஈக்கிறாய், எறங்குடான்னு சென்னேன். எறங்கல்ல. சாவியப் புடுங்கி சொக்ஸுக்குள்ள போட்டுட்டேன்." குனிந்து, ஈரமான காலுறைக்குள்ளிருந்து சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். அவன் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தேன். "ஐயோ, இவரு திரும்பவும் தொடங்கிட்டாரு," என்று துடைத்துக்கொண்டான்.

மாலையில் ஒல்லிப் பையன் எழுந்து உட்கார்ந்து பசிக்கிறதென்றான். பிரைட் றைஸைச் சூடாக்கி எடுத்து வந்தோம். டொக்டர் கொஞ்சம்தான் என்றார். அவன் கொஞ்சத்தில் நிறுத்தவில்லை. தாய் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு வாய்க்கும் அவன் முகத்தைப் பார்த்தார்.

போகும்போது ஓட்டோவில் பிள்ளையை ஏற்றிவிட்டு என்னிடம் திரும்பி வந்தார். இந்தப் பையன்களின் சிநேகம் இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அப்படிச் சொன்னாலும் அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது.

"அண்ணை, ரிசல்ட்ஸ் வாற அண்டைக்கு எங்கட வீட்டில வைப்பம். இவையள் மூண்டு பேரும் வரட்டும்."

"நல்லது தங்கச்சி. நானும் வந்து உதவி…"

"இல்லை," என்றார். "பிள்ளையளை மட்டும் அனுப்புங்கோ."

ஓட்டோ கிளம்பியது. மனைவி தெருவிலேயே நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன்.